மறுகரையில் இருப்பவர்: துணையின் மறைவும் தொடரும் உறவும்

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், மறைந்த மனைவியின் நினைவாக நெசவாளர் ஒருவர் ஏற்படுத்திய அறக்கட்டளையின் சார்பில் நிகழ்ந்த சொற்பொழிவின் செப்பமிட்ட அச்சு வடிவம். இடைப்பேச்சுகளும் கேள்வி பதிலும் நீக்கப்பட்டுள்ளன.)



1925 நவம்பரில் இந்தக் காஞ்சிபுரத்தில் தமிழ்நாட்டுக் காங்கிரசின் மாகாண மாநாடு கூடியது. தலைமை திரு.வி.கல்யாணசுந்தரனார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு அங்கே வழி கிடைக்காமல் வெளியேறியவர் பெரியார் ஈ.வெ.ராமசாமி. அரசியல் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் காட்சியைப் பல முறை எழுதிவிட்டார்கள். அதே மேடையை வேறு கண்ணாலும் பார்க்கலாம். தலைவர் நாற்காலியில் இருந்தவர் ஏழு ஆண்டுகளுக்கு முன்பே மனைவியைப் பறிகொடுத்தவர். எழுந்து போனவர் இன்னும் எட்டு ஆண்டில் பறிகொடுக்கப் போகிறவர். ஒருவர் முருகனை அழகின் வடிவாகக் கண்டு நூல் எழுதிய அடியார். மற்றவர் கடவுள் இல்லை என்று ஊர் ஊராகச் சொன்னவர். இருவரும் மனைவியின் மறைவைப் பற்றித் தம் கைப்பட எழுதி வைத்துப் போயிருக்கிறார்கள்.

துணை இறந்தபின்னும் உறவு அறுந்துபோவதில்லை என்று உலகெங்கும் மக்கள் சொல்கிறார்கள். அந்த உறவு எதில் தொடர்கிறது? இறந்தவர் அனுப்பும் சேதியிலா, இருப்பவர் செய்யும் காரியத்திலா? காரியத்தில்தான் என்பதே இந்த உரையின் கருத்து. மறைந்த துணையோடு உள்ள பிணைப்பைத் தமிழ்ச் சமூகம் பெரும்பாலும் நாலு பேர் அறியச் செய்யும் ஒரு வேலையாகவே வைத்திருக்கிறது. அந்த வேலையில் ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் என்று பிரித்த இடங்களில்தான் அது கெட்டுப்போயிற்று. ஆறு பகுதிகளாக இதை விரித்துப் பார்க்கலாம்.

1. கேள்வி பழையது

சங்கப் பாடல்களில் கணவனை இழந்தவளின் குரல் நிறையக் கேட்கும். மனைவியை இழந்தவனின் குரல் அரிது. புறநானூற்றின் 245ஆம் பாட்டு அப்படி அரிதாகக் கிடைத்த ஒன்று. பாடியவர் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. கள்ளி முளைத்த காட்டில் அரசியின் உடல் எரிந்து முடிந்துவிட்டது. அரசன் வழக்காடுவதுபோலப் பேசுகிறான். பிரிவுத் துன்பம் பெரிது என்கிறார்களே, அவ்வளவு பெரிதென்றால் அது என் உயிரைக் கொண்டுபோயிருக்க வேண்டாமா, நான் இன்னும் இருக்கிறேனே என்பது அவன் வாதம். மனைவி போனபின் தான் மட்டும் உயிரோடு இருப்பது அவனுக்கு விளங்காத புதிராக இருக்கிறது.

அடுத்த பாட்டு, 246, பூதப்பாண்டியனின் தேவி சொன்னது. தீப்பாயப் போகிறவளைச் சான்றோர் தடுக்கிறார்கள். அவள் தன் துயரத்தை விவரிக்கவில்லை. தடுத்து நிறுத்தினால் தனக்குக் கிடைக்கப்போகும் வாழ்க்கையைப் பட்டியல் போடுகிறாள்: நெய் படாத பிழிந்த சோறு, புளி சேர்த்த வேளைக்கீரை, பாய்கூட இல்லாமல் பருக்கைக் கல்லின் மேல் படுக்கை. இதைவிடத் தீ மேல் என்பது அவள் முடிவு. இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் படிக்கிறவருக்கு வேறுபாடு சட்டென்று பிடிபடும். அரசனுக்குத் துன்பம் மனைவி இல்லை என்பது. அரசிக்கு அதோடு ஊர் சேர்த்துவைக்கும் துன்பமும் உண்டு.

மூன்றாவது பாட்டு 256. யார் பாடியது என்று தெரியாது. கணவனோடு வறண்ட வழிகளைக் கடந்து வந்த ஒருத்தி அவனை இழந்து நிற்கிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த சிறு பல்லியைப்போல அவனோடு வந்தவள் தான் என்று சொல்லிக்கொள்கிறாள். யாரிடம்? கடவுளிடம் அல்ல, உறவினரிடமும் அல்ல, ஈமத்தாழி வனைகிற குயவரிடம். தாழியைக் கொஞ்சம் அகலமாக வனைந்தால் தனக்கும் அதில் இடம் இருக்கும் என்பது அவள் கேட்கும் உதவி.

கைத்தொழில் தெரிந்த இந்த அவைக்கு இந்தப் பாட்டு நன்றாகவே புரியும். ஆற்ற முடியாத துக்கத்தை அவள் ஒரு வேலையாக மாற்றி, அளவு சொல்லி, தொழில் தெரிந்தவரிடம் ஒப்படைக்கிறாள். அகலத்தைப் பற்றித்தான் பேசுகிறாள், அழுகையைப் பற்றி அல்ல.

2. கல்லில் நிற்கும் கணவர்

தாழிக்குள் இடம் கேட்காமல், இருந்து செய்து காட்டியவர் செம்பியன் மாதேவி. சோழன் கண்டராதித்தரின் மனைவி. கண்டராதித்தர் நாடாண்டவர் மட்டுமல்ல, தில்லைக் கூத்தனைப் பாடிய அவருடைய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. ஏறக்குறைய 957இல் அவர் இறந்தபோது மகன் உத்தம சோழன் சிறுபிள்ளை. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ராஜராஜன் காலம்வரை, 1001 வரையில், இந்த அம்மையாரின் பெயர் கல்வெட்டுகளில் வந்துகொண்டே இருக்கிறது.

என்ன செய்தார்? செங்கல்லால் இருந்த கோயில்களைக் கற்றளிகளாக எடுத்தார். விருத்தாசலம், திருக்கோடிக்காவல், தென்குரங்காடுதுறை, ஆரூர் அறநெறி, திருவக்கரை என்று பட்டியல் நீளும். திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைப் பிரித்தபோது அதிலிருந்த கல்வெட்டுகளை வீசிவிடாமல், படி எடுத்துப் புதிய சுவரில் மறுபடி வெட்டவைத்தார். முன்னால் கொடுத்தவர்களின் பெயர் அழியக்கூடாது என்ற அக்கறை அது.

கும்பகோணம் பக்கத்துக் கோனேரிராசபுரம்தான் நம் பேச்சுக்கு முக்கியம். பழைய பெயர் திருநல்லம். அங்கே கோயிலின் சுவரில் ஒரு சிறு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. சிவலிங்கத்தின் முன் ஒருவர் அமர்ந்து வழிபடுகிறார். அவர் கண்டராதித்தர் என்பதையும், அவர் பெயரால் இந்தக் கற்றளியை எடுப்பித்தவர் அவர் தேவி என்பதையும் கீழே உள்ள கல்வெட்டு சொல்கிறது. கணவர் பாட்டில் வழிபட்ட தெய்வத்தை, அவர் போனபின்னும் கல்லில் வழிபட்டுக்கொண்டிருக்கும்படி மனைவி செய்துவிட்டார்.

இதே அரச குடும்பத்தில் வேறு வழியும் இருந்தது. சுந்தர சோழன் இறந்தபோது அவன் தேவி வானவன் மாதேவி, ராஜராஜனின் தாய், பால்குடி மாறாத குழந்தையைப் பிரிந்து தீப்புகுந்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு புகழ்ந்து பேசுகிறது. ஒரே வீட்டில் ஒருவர் சில நாழிகையில் முடித்துக்கொண்டார், மற்றவர் நாற்பது ஆண்டு எடுத்துக்கொண்டார். பின்னவர் அரசி, பொன்னும் நிலமும் கையில் இருந்தன, அதனால் முடிந்தது என்று சொல்லலாம். உண்மைதான். கைம்பெண் கையில் பொருளும் அதைச் செலவழிக்கும் உரிமையும் இருந்தால் அவள் துக்கம் என்னவாக மாறும் என்பதற்கும் அதுவே சான்று.

3. பூவாடைக்காரி வருகிறாள்

அரண்மனையை விட்டு வீட்டுக்கு வருவோம். தொண்டை மண்டலத்துக் குடும்பங்கள் பலவற்றில் கல்யாணம், காதுகுத்து போன்ற நல்ல காரியத்துக்கு முன் பூவாடைக்காரிக்குப் படையல் போடுவது வழக்கம். இந்த அவையில் பலருக்கு இதை விளக்கவே தேவையில்லை. அச்சில் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்காகச் சில வரிகள்.

சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்த பெண்தான் பெரும்பாலும் பூவாடைக்காரி. சில குடும்பங்களில் இறந்த மற்றவர்களையும் இப்படி அழைப்பது உண்டு. பம்பைக்காரர் வருவார். குடும்பத்தார் கிணற்றடிக்கோ குளக்கரைக்கோ போவார்கள். நீர் நிறைந்த கலசத்துக்கு மஞ்சள் நூல் சுற்றி, பூச்சூட்டி, பம்பை அடித்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். குடும்பத்தில் யாராவது ஒருவருக்கு மருள் வரும். சிலசமயம் சீக்கிரம் வரும், சிலசமயம் அடிப்பவரின் கை ஓயும்வரை வராது. வந்ததும் கேள்விகள் தொடங்கும். மனக்குறை ஏதாவது உண்டா? இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதமா? கூடவே வருகிறாயா? சம்மதம் கிடைத்ததும் கலசம் வீட்டுக்கு வரும். பலகையில் புதுப்புடவை மடித்து வைத்து, மஞ்சள், குங்குமம், வளையல், அவள் விரும்பிச் சாப்பிட்ட பண்டங்கள் எல்லாம் வைத்துப் படைப்பார்கள். அந்தப் புடவையைப் பிறகு மகளோ மருமகளோ உடுத்திக்கொள்வாள்.

செஞ்சி வட்டாரத்தில் தங்கி இந்தச் சடங்கை ஆராய்ந்த மானிடவியல் அறிஞர் இசபெல் நபோகோவ், தமிழ்ச் சடங்குகளைப் பற்றி 2000இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். இறந்தவரை வீட்டுக்கு அழைத்து வரும் முறையில் கல்யாணச் சடங்கின் சாயல் இருப்பதை அவர் கவனித்தார். கூர்மையான கவனிப்பு. கருமாதியில் அனுப்பிவைத்தவரை, மணப்பெண்ணை அழைப்பதுபோல மறுபடி அழைத்து, பூசையறையில் இடம் கொடுத்து, குடும்பத்தின் முடிவுகளில் பங்கும் கொடுக்கிறார்கள்.

மனைவியை இழந்த கணவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள். தாய் இல்லாத மகளின் கல்யாணத்தில் தாயிடமே சம்மதம் கேட்க அவனுக்கு ஒரு வழி இருக்கிறது. அவன் மறுமணம் செய்துகொண்டிருந்தாலும் குறை இல்லை. இரண்டாவதாக வந்தவளே மூத்தவளுக்குப் புடவை வைத்துக் கும்பிடும் வீடுகள் உண்டு.

இப்போது மறுபக்கம். கணவனை இழந்தவள் அதே வீட்டில் அதே நாளில் எங்கே நிற்கிறாள்? கலசத்தைத் தொடுவது சுமங்கலிகள். புடவை எடுத்து வைப்பதும் சுமங்கலிகள். அவள் அடுப்படியில் படையலுக்கு வடை சுட்டுக்கொண்டிருப்பாள், அல்லது பின்வரிசையில் ஒதுங்கி நிற்பாள். முந்திக்கொண்டு இறந்தவள் தெய்வம், பிந்தி இருப்பவள் அபசகுனம் என்றால், அந்தச் சடங்கு உறவைக் கொண்டாடுகிறதா, சாகும் வரிசையைக் கொண்டாடுகிறதா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பூவாடைக்காரியைப் புகழ்ந்து பேசுவது பாதி உண்மையே ஆகும்.

4. இரண்டு தலைவர்கள், இரண்டு இழப்புகள்

திரு.வி.க. 1912இல் கமலாம்பிகையை மணந்தார். பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. 1918 செப்டம்பரில் கமலாம்பிகையும் போய்விட்டார். ஆறே ஆண்டு இல்வாழ்க்கை.

அந்த 1918ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முந்தைய டிசம்பரில்தான் அவர் ஆசிரியராக இருந்த ‘தேசபக்தன்’ நாளிதழ் தொடங்கியிருந்தது. ஏப்ரல் 27ஆம் தேதி பி.பி.வாடியாவின் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளின் நெசவுத் தொழிலாளிகளுக்காக எழுந்த அந்தச் சங்கத்தில் திரு.வி.க. துணைத்தலைவர். ஒருபக்கம் பத்திரிகை, ஒருபக்கம் ஆலை வாசல், வீட்டில் நோயாளி மனைவி. அவர் மறைந்தபோது திரு.வி.க.வுக்கு வயது 35. மறுமணம் என்பது அன்று அந்த வயது ஆணுக்கு வெகு இயல்பான காரியம். அவர் செய்துகொள்ளவில்லை. 1953இல் கண்மூடும்வரை தனியாகவே இருந்தார்.

ஆனால் ஒதுங்கி இருந்தாரா? 1927இல் ‘பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை’ வெளிவந்தது. இல்லறம் இறைவனுக்குத் தடை என்று சொன்ன பழைய பேச்சை அந்த நூல் தலைகீழாக்கியது. பெண்மை தாய்மையாகவும், தாய்மை இறைமையாகவும் மலர்வதாக அவர் விளக்கினார். துணையோடு வாழும் வாழ்க்கையே அவருக்கு ஆன்மிகப் பாதை. குழந்தை மணத்தைக் கண்டித்து, கைம்பெண்களின் மறுமணத்துக்காக வாதாடினார். தாம் மறுமணம் செய்துகொள்ளாதவர், அந்த நோன்பைப் பெண்கள் தலையில் கட்டாயமாகக் கட்டவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆறு ஆண்டு வாழ்ந்த ஒரு பெண்ணை அவர் பூசையறைப் படத்துக்குள் வைத்துப் பூட்டிவிடவில்லை. 1944இல் எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளிலும் கமலாம்பிகைக்கு உரிய இடம் கொடுத்தார்.

அடுத்தது ஈரோடு. நாகம்மையாரைப் பெரியார் மணந்தது 1898இல். 1921 கள்ளுக்கடை மறியலிலும் 1924இல் வைக்கத்திலும் அவரோடு களத்தில் நின்றவர் நாகம்மை. 1933 மே 11ஆம் தேதி காலமானார். மறுநாள் பெரியார் திருச்சியில் இருந்தார். 144 தடையை மீறி ஒரு கிறித்தவச் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்துக் கைதானார். துக்கம் இல்லாதவர் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதுபோல, அதே வாரம் ‘குடி அரசு’ இதழில் வந்தது அவர் எழுதிய இரங்கலுரை. தமிழ் உரைநடையில் அதற்கு இணையான ஆவணம் அதிகம் இல்லை.

அந்த உரையில் ஆவி இல்லை, சொர்க்கம் இல்லை, மறுபடி சந்திப்போம் என்ற நம்பிக்கை இல்லை. தான் இழந்தது எது என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பார்க்கிறார், எந்தச் சொல்லும் அவருக்குப் போதவில்லை. ஊருக்கு உரைத்த பெண்விடுதலையைத் தம் வீட்டில் நாகம்மைக்குத் தாம் முழுதாக நடத்திக் காட்டவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறார். இனிக் கவலையற்றுச் சிறைக்குப் போகலாம், பொதுவேலை செய்யலாம் என்று அந்த இழப்பை ஒரு வகையில் நன்மை என்றும் சொல்லிப் பார்க்கிறார். படிக்கிறவருக்கு அந்த இடம் உறுத்தும். உறுத்தட்டும், துக்கம் எப்போதும் அழகாகப் பேசுவதில்லை. பின்னாளில் திருச்சியில் அவருடைய இயக்கம் நடத்திய குழந்தைகள் இல்லத்துக்கு நாகம்மையின் பெயரே நிலைத்தது.

ஆத்திகரும் நாத்திகரும் நம்பியது வெவ்வேறு. செய்தது ஏறக்குறைய ஒன்று. வெளிப்படையான எழுத்து, நிற்காத வேலை. உறவு தொடர்வதற்கு மறுமை நம்பிக்கை உதவலாம். அது இல்லாமலும் தொடர முடியும் என்பதற்கு ஈரோட்டுக்காரர் சாட்சி.

5. சேதி கேட்கும் ஆசை

காரியம், காரியம் என்று சொல்லிக்கொண்டே போனால், ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று ஏங்குகிற மனத்துக்கு என்ன பதில் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஏக்கம் உலகம் முழுக்க ஓர் இயக்கமாகவே நடந்தது. இங்கிலாந்தில் முதல் உலகப்போரில் பிள்ளைகளை இழந்தவர்கள் ஆவியுலக அமர்வுகளுக்குப் போனார்கள். பம்பாயில் அத்தகைய சங்கத்தை நடத்திய வழக்கறிஞர் வி.டி.ரிஷி, மனைவியை இழந்த துயரத்தில் இந்த வழிக்கு வந்தவர். தமிழிலும் மறைமலையடிகள் 1911இல் ‘மரணத்தின்பின் மனிதர் நிலை’ என்ற நூலை எழுதினார். படித்தவர்களும் இதில் நிறைய இருந்தார்கள்.

இந்த வழியின் இடர், நடுவில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்துவிடுவதுதான். சேதி சொல்பவர் ஒருவர், கட்டணம் ஒன்று, அடுத்த அமர்வுக்கு ஒரு தேதி. ஏக்கம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு எளிதில் ஏமாற்றலாம். பூவாடைப் படையலிலும் பம்பைக்காரருக்குக் கூலி உண்டுதான். ஆனால் மருள் வருவது குடும்பத்தில் ஒருவருக்கு, கேள்வி கேட்பதும் குடும்பம், பதிலை நம்புவதும் நம்பாததும் அவர்கள் கையில்.

இடையாள் யாரும் இல்லாமல் தானாக வரும் அனுபவம் வேறு. வேல்ஸ் நாட்டில் டூவி ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசி, 1971இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்த துணையை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். பலருக்கு அருகில் இருப்பதான உணர்வு, சிலருக்குக் காட்சி, சிலருக்குக் குரல். இவர்களுக்குப் பைத்தியம் இல்லை. பெரும்பாலோருக்கு அந்த உணர்வு ஆறுதலாகவே இருந்தது. பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதில்லை. சிரிப்பார்கள் என்ற அச்சம். இந்த உணர்வு இறந்தவர் இருப்பதற்குச் சான்று என்று ரீஸ் சொல்லவில்லை, நோய் என்று தள்ளவும் இல்லை. துக்கத்தின் இயல்பான பகுதி அது என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டார். இறந்தவரை மறந்தால்தான் குணமாகும் என்று அதுவரை பேசிவந்த மேற்கத்திய உளவியலும் மெல்ல மாறி, 1996இல் தொடரும் பிணைப்புகள் என்ற கருத்தை முன்வைத்து ஒரு தொகுப்பு நூலையே கொண்டுவந்தது.

ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் துணை நமக்கும் புதிதல்ல. நம் ஊர் குமரகோட்டத்தில் அரங்கேறியது கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம். அதில் சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்து சாம்பலாகிறான், இரதி கதறுகிறாள். பின்னர் இறைவன் அருள்கிறான், ஆனால் ஒரு வரையறையோடு. மன்மதன் இரதியின் கண்ணுக்கு மட்டும் உருவத்தோடு தெரிவான், மற்றவர்க்கு உருவமில்லை. அவள் காண்பதை உலகம் காணாது, அதற்காக அவள் காண்பது பொய் என்றும் புராணம் சொல்லவில்லை. தஞ்சை வட்டாரத்தில் மாசி மாதக் காமன் பண்டிகையில் லாவணி பாடுகிறவர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய வாதாடுவார்கள். அந்த வழக்குக்கு இதுவரை தீர்ப்பு வந்ததில்லை. இனியும் வரவேண்டியதில்லை.

வேல்ஸ் நாட்டு மருத்துவரிடம் மட்டும் வாய்திறந்த அந்த மனிதர்களைப்போல நம் தெருவிலும் இருப்பார்கள். விடியற்காலையில் செருமல் சத்தம் கேட்டது, சமையலறையில் ஆள் நடமாட்டம் தெரிந்தது என்று யாராவது சொன்னால், உடனே மந்திரிக்கவும் வேண்டாம், மருத்துவரிடம் இழுத்துப் போகவும் வேண்டாம். கேட்டுக்கொண்டால் போதும். உண்ணாமல் உறங்காமல் மாதக்கணக்கில் கிடந்தால், சாகத் தோன்றுகிறது என்று சொன்னால், அப்போது மருத்துவர் வேண்டும். அதில் தயக்கம் கூடாது.

6. மறுகரை

கடைசியாக, இந்தத் தெருக்களின் தொழிலுக்கு வருவோம். காஞ்சிப்பட்டின் பேர் கோர்வையில் இருக்கிறது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவர் தனியாக இரண்டைத்தான் சமாளிக்க முடியும். மறுகரையின் நாடாவைத் தள்ள, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். பல வீடுகளில் அந்த ஆள் மனைவி. மனைவி நெய்யும் வீடுகளில் கணவர் பக்கத்தில். தார் சுற்றுவது, இழை அறுந்தால் முடிச்சுப் போடுவது, பாவை அச்சோடு புணைப்பது எல்லாம் இருவர் வேலை. முப்பது ஆண்டு ஒரே குழித்தறியில் தோளோடு தோள் உட்கார்ந்தவர்களுக்குள் வாய்ப்பேச்சு குறைவாக இருக்கும். நாடா எப்போது வரும் என்று ஒருவர் கை மற்றவர் கைக்குத் தெரியும்.

இருவரில் ஒருவர் போனால் தறி நின்றுவிடும். ஆனால் பாதி நெய்த சேலை தறியில் இருக்கிறது. பாவும் ஜரிகையும் முதலாளியுடையது, அல்லது கூட்டுறவுச் சங்கத்துடையது. கருமாதி முடிந்த கையோடு அதை முடித்துக் கொடுத்தாக வேண்டும். மகன் உட்காரலாம், கூலிக்கு ஆள் வைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் வந்து உதவலாம். முதல் சில விரற்கடை அடித்த பிடி வேறாக இருக்கும், கைதேர்ந்த கண்ணுக்கு அந்த இடம் தெரியும். ஆனாலும் சேலை ஒன்றுதான். மறைந்தவர் நெய்த பகுதியும் இருப்பவர் நெய்த பகுதியும் ஒரே பாவில் ஓடுகின்றன. இந்த உரை சொல்ல வந்த தொடர்ச்சிக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

அப்படித் தறியில் திரும்ப உட்காருகிற பெண்ணுக்கு ஊர் என்ன செய்கிறது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. ஈரோடு மாவட்டம் நம்பியூர் வட்டத்தில் கணவர் பூசாரியாக இருந்த கோயிலுக்குள்ளேயே, கைம்பெண் என்பதால் வரக்கூடாது என்று ஒரு பெண்ணைத் தடுத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. இப்படித் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று 2023 ஆகஸ்டில் நீதிமன்றம் கண்டித்துச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு, 2022 மே மாதம், மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்ற கிராமம் ஊர்கூடித் தீர்மானம் போட்டது. கணவன் இறந்ததும் வளையல் உடைப்பது, குங்குமம் அழிப்பது, தாலியும் மெட்டியும் கழற்றுவது இனி எங்கள் ஊரில் இல்லை என்று. மற்ற ஊராட்சிகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று அந்த மாநில அரசு சுற்றறிக்கை விட்டது. நீதிமன்றம் சொல்லி மாறுவது ஒரு வகை. ஹேர்வாட் தானாக மாறியது.

நம் தெருக்களுக்கும் சில வேண்டுகோள்கள் உண்டு. முதலாவது, அடுத்த பூவாடைப் படையலில் அந்த வீட்டின் மூத்த பெண் கைம்பெண் என்றால், கலசத்தை அவர் கையில் கொடுங்கள். இறந்தவரை அதிக நாள் அறிந்தவர் அவர்தான். பேர் சொல்லி அழைக்க அவரைவிட உரியவர் இல்லை. கணவனைப் பறிகொடுத்த வீட்டில் கணவனுக்கும் அதே மரியாதையோடு படையல் போட்டு, அதை மனைவியே முன்நின்று நடத்தட்டும்.

இரண்டாவது, துணையை இழந்தவர் தறிக்குத் திரும்பும் முதல் மாதங்களில் மறுகரைக்கு ஆள் அனுப்பும் பொறுப்பைத் தெருவே ஏற்கலாம். கூலி பேசிக்கொள்ளலாம், அது இரண்டாம் பட்சம். அந்த இடம் காலியாகக் கிடக்கக்கூடாது என்பதுதான் முக்கியம். இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை, ஒரு நோட்டுப் புத்தகமும் முறை வைத்துக்கொள்ளும் நாலைந்து வீடுகளும் போதும்.

மூன்றாவது, இந்த அறக்கட்டளைக்கு. மனைவியின் பெயரை நிறுத்த ஒருவர் தம் உழைப்பில் சேர்த்ததைக் கொடுத்திருக்கிறார். தம் பெயரை எங்கும் போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். செம்பியன் மாதேவி தொடங்கி மேலே சொன்னவர்களின் வரிசையில் அவருக்கும் இடம் உண்டு. அடுத்த ஆண்டு இந்த மேடைக்குப் பேராசிரியர் யாரையும் தேட வேண்டாம். கணவனை இழந்தபின் தறியைத் தாமே ஏற்று நடத்தும் பெண் ஒருவரை இதே தெருக்களிலிருந்து அழையுங்கள். அவர் பேசட்டும், அதை இதே அளவில், இதே தாளில் அச்சிடுங்கள்.